மாமிக்கு ஒரு யன்னல்

எனக்குத் தலைக்கனம் என்று கணவரின் சொந்தக்காரர்கள் கதைப்பது என் காதுக்கும் வந்திருக்கிறது. கதைக்கட்டும். வெள்ளவத்தை வீட்டு மேல்மாடியில் மேற்குப் பக்கமாக நான் வைத்த யன்னலைப் பற்றி யாராவது கேட்டால், அந்தத் தலைக்கனத்தை நான் மறைப்பதே இல்லை. அதைத் தெரிவு செய்தவள் நான். தேடிக் கண்டுபிடித்தவள் நான். அதற்காகப் பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் தச்சாசாரியோடும், கணவரோடும், கனடாவிலிருந்த மைத்துனரோடும் தொண்டை கிழியச் சண்டை பிடித்தவளும் நான்தான். ஊரெல்லாம் வியர்த்து வழிந்த அந்த மின்வெட்டுக் காலத்தில், கரண்டே இல்லாமல் குளிர்ந்து கிடந்த அறை எங்கள் ஒழுங்கையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் வீட்டில் இருந்தது.

ஆனால் அந்த யன்னலை நான் எனக்காக வைக்கவில்லை. மாமிக்காக வைத்தேன்.

மாமி என் கணவரின் தாய். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கலியாணம் கட்டிக் கொழும்புக்கு வந்து, கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்தவர். நானோ கொட்டாஞ்சேனைக்காரி. துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் கணக்கெழுதிய ஒருவரின் மகள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத கத்தோலிக்கக் குடும்பம். மூத்த மகன் என்னைத்தான் கட்டுவேன் என்று சொன்னபோது மாமி சாப்பாட்டைத் தொடவில்லையாம். கட்டி வந்த பிறகும் கொஞ்சக் காலம் நான் அவருக்கு ‘அந்த வேதக்காரப் பிள்ளை’தான். பிறகு ‘பிள்ளை’ மட்டும் மிஞ்சியது. மற்றது எப்போது கழன்று விழுந்தது என்று இருவருக்குமே தெரியாது.

அவரை நான் அறிந்த நாளிலிருந்து, வீட்டில் ஒரு யன்னல் திறந்திருக்க அவர் விட்டதில்லை. எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில், கீழ்வீட்டு முன்னறை யன்னலுக்கு வெளியே ஒருவன் வந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தானாம். ஒன்றும் பேசவில்லையாம். அலுமாரி, தையல் மெசின், சாமிப்படம், மாமி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனவன், பின்னேரம் ஆட்களோடு திரும்பி வந்தான். மாமியும் பிள்ளைகளும் பின்மதிலால் ஏறி அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பத்திடம் ஒளிந்ததால் உயிர் தப்பினார்கள். வீடு பாதி எரிந்துபோனது. எரிந்ததைப் பற்றி மாமி அதிகம் கதைப்பதில்லை. அந்தப் பார்வையைப் பற்றித்தான் கதைப்பார்.

“யன்னல் திறந்திருந்தபடியால்தானே பிள்ளை அவன் பாத்தவன்” என்பார்.

யன்னல் சாத்துவது வெள்ளவத்தையில் ஒன்றும் புதினமில்லை. வெளிநாட்டு வானொலியில் தமிழ்ச் செய்தி போகும் நேரம் வந்தால், ஒழுங்கையில் வரிசையாக யன்னல்கள் சாத்துப்படும் சத்தம் கேட்கும். நேரம் பார்க்க மணிக்கூடு தேவையில்லை. வடக்கில் எந்த ஊரில் என்ன நடந்தது என்று தமிழில் கேட்பது வீதிக்குக் கேட்கக்கூடாது. செய்தி முடிந்ததும் மற்ற வீடுகளில் திறப்பார்கள். எங்கள் வீட்டில் திறக்கமாட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்த வரைக்கும் அப்படியே காலம் ஓடியது.

பிறகு மழை பொய்த்தது. மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றின. கரண்ட் நாளுக்கு இத்தனை மணித்தியாலம் இல்லை என்று அறிவித்தார்கள். அறிவித்ததைவிடக் கூடுதலாகவே வெட்டினார்கள். அப்படி ஒரு மத்தியானம் நான் கோட்டையில் இருந்த என் அலுவலகத்திலிருந்து அரை நாள் லீவில் வந்தபோது, மாமி தன் அறைக்குள் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்து கிடந்தார். உடம்பு நெருப்பாகச் சுட்டது. யன்னல்கள் எல்லாம் கொக்கி போட்டபடி இருந்தன. தண்ணீர் தெளித்து, விசிறி, முச்சக்கர வண்டி பிடித்து டொக்டரிடம் கொண்டு ஓடினோம். இரத்த அழுத்தத்தைப் பார்த்த டொக்டருக்கு முகம் மாறிவிட்டது. வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “இவவுக்கு மருந்தைவிடக் காத்துத்தான் வேணும். இப்பிடியே பூட்டி வச்சீங்களெண்டா, அடுத்த முறை என்னட்டக் கொண்டு வர வேண்டி வராது.”

அன்றைக்கு வந்தது எனக்குக் கோபம். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மீது கோபம். அவன் அன்று கொல்லாமல் விட்டதை இந்த வெக்கையைக் கொண்டு கொல்ல விடுவதா? நான் இருக்க அது நடக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எங்கள் மேல்மாடி கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. சுவர் எழும்பி, கூரை போட்டாயிற்று. யன்னல்கள் வைக்கவேண்டிய இடங்கள் ஓட்டைகளாக நின்றன. கடலையும் கீழே கேற்றடி வீதியையும் பார்த்த மேற்கு அறையை மாமிக்கு என்று ஒதுக்கியிருந்தோம். அந்த ஓட்டைக்கு என்ன யன்னல் என்பதில்தான் ஊர் முழுக்கப் புத்தி சொல்லத் தொடங்கியது.

கனடாவிலிருந்த மைத்துனர் ஏசி வாங்கத் தான் பணம் அனுப்புவதாகச் சொன்னார். அறையை நன்றாக அடைத்து, கண்ணாடி போட்டு, ஏசி பூட்டினால் அம்மா ஊட்டியில் இருப்பதுபோல் இருக்கலாம் என்றார். அவர் ஊட்டிக்குப் போனதும் இல்லை, அம்மா போனதும் இல்லை. “கரண்ட் இல்லாத நேரம் என்ன செய்யிறது?” என்று கேட்டேன். ஜெனரேற்றர் ஒன்றும் வாங்கலாம் என்றார். அதற்கு மண்ணெண்ணெய் ஊற்ற அவர் கனடாவிலிருந்து வருவாரா என்று கேட்டேன். போனை அண்ணரிடம் கொடுக்கச் சொன்னார்.

காலி வீதி அலுமினியக் கடைக்காரர் இழுத்துத் திறக்கும் கறுப்புக் கண்ணாடி யன்னலைக் காட்டினார். புதிதாக எழும்பும் தொடர்மாடிகளில் எல்லாம் இதுதான், மிஸ், என்றார். வெளியே இருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது என்று சொல்லிக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று கையாட்டியும் காட்டினார். நான் கண்டது வேறு: பாதி யன்னல் எப்போதும் மூடியே இருக்கும், மற்றப் பாதியைத் திறந்தால் உள்ளே எல்லாம் தெரியும், மூடினால் காற்று வராது, பின்னேர வெயிலில் கண்ணாடி தோசைக்கல்லாகக் காயும். அதோடு, கொழும்பில் குண்டு வெடித்த நாட்களில் நான் கோட்டையில் வேலை செய்தவள். வெடித்த இடத்துக்கு வெகு தூரத்தில் இருந்தவர்களைக்கூடக் கண்ணாடி எப்படிக் கிழித்தது என்று கண்ணால் கண்டவள். என்னோடு வேலை செய்த ஒரு பெண் இன்றைக்கும் நெற்றித் தழும்பை முடியால் மறைத்துத்தான் சீவுகிறாள். மாமியின் கட்டில் தலைமாட்டில் ஒரு சுவர் அகலத்துக்குக் கண்ணாடியா? மாட்டேன் என்றேன்.

“அப்ப என்னதான் உமக்கு வேணும்?” என்றார் கணவர். அவர் சாந்தமான மனிதர். அன்றைக்கு அவருக்கே பொறுமை போயிருந்தது.

“காத்து வரவேணும். வெயில் வரக்கூடாது. கண் வரக்கூடாது” என்றேன்.

“அப்பிடி ஒரு யன்னல் இருக்குதோ?”

“இருக்குது. நான் அதுக்குப் பக்கத்திலதான் பிறந்தனான்.”

பொய்யில்லை. கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த பழைய வாடகை வீட்டு முன்னறையில் அப்படி ஒரு மரயன்னல் இருந்தது. கதவு முழுக்க விரலகலப் பலகைகள், ஏணிப்படிபோல ஒன்றின் மேல் ஒன்றாக. நடுவில் நெட்டுக்கு ஒரு கோல். கோலைக் கீழே இழுத்தால் எல்லாப் பலகைகளும் ஒன்றாக வெளிப்பக்கம் சரியும். மேலே தள்ளினால் வெளிப்பக்கம் நிமிரும். நடுவில் நிறுத்தினால் இடையால் துறைமுகக் காற்று நேரே உள்ளே வரும். சின்ன வயதில் அந்தக் கோலோடு விளையாடி எத்தனை அடி வாங்கினேன் என்பதைத் தவிர அந்த வீட்டைப் பற்றிப் பெரிதாக ஏங்குவதற்கு ஒன்றுமில்லை. மூட்டைப்பூச்சியும் இருந்தது.

மொறட்டுவையிலிருந்து வந்த தச்சுப் பாஸிடம் கடதாசியில் கீறிக் காட்டினேன். அவர் சிரித்தார். “நோனா, இது இப்ப ஒருத்தரும் போடறதில்லை. ஒவ்வொரு பலகைக்கும் ரெண்டு பக்கமும் முளை வைக்கணும். பேசாம அசையாத சாய்வுப் பலகை அடிச்சுத் தாறேன்” என்றார், தன் சிங்களத் தமிழில். அசையாத பலகை எனக்கு வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதை அவருக்கு நான் சொல்லவில்லை. மாமிக்கு மட்டும் சொல்லவேண்டிய காரணம் அது.

ஒரு சனிக்கிழமை கிராண்ட்பாஸுக்குப் போனேன். இடித்த வீடுகளின் கதவு, நிலை, யன்னல் எல்லாம் அடுக்கி விற்கும் வளவுகள் அங்கே இருந்தன. தூசியில் தும்மித் தும்மி ஒவ்வொரு குவியலாகத் தேடினேன். மூன்றாவது வளவில், கழிப்பறைக் கதவுகளுக்குப் பின்னால், சுவரோடு சாய்ந்தபடி அது நின்றது. தேக்கு. இரட்டைக் கதவு. பச்சை வர்ணம் உரிந்து கிடந்தது. ஒரு கோல் முறிந்திருந்தது. மற்றக் கோலைப் பிடித்து இழுத்தேன். பலகைகள் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. வளவு முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர். “என்ன மகள், வீட்டு ஆளக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?” என்று கேட்டார். வீட்டு ஆள்தான் என்று சொன்னேன்.

சின்ன லொறியில் அதை ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தது ஒரு தனிக் கதை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கச் சொன்னார்கள். பலகைகளுக்கு இடையில் ஏதாவது ஒளித்திருக்கிறேனா என்று கோலை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள். கடைசிச் சாவடியில் நின்ற ஆமிக்காரன் வேலையை மறந்து சும்மா ஆட்டிக்கொண்டே நின்றான். பிறகு என்னைப் பார்த்து, ஹொந்தய், நல்லாயிருக்கு என்றான். எனக்குத் தெரியாதா?

தச்சுப் பாஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார். முறிந்த கோலை மாற்றி வேலை முடிந்த நாள் அவரே தன் சின்னப் பெட்டிக் கமெராவால் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். உப்புக் காற்றுக்குத் தேக்கு அசையாது, எண்ணெய் மட்டும் பூசுங்கள் என்றார். யன்னலுக்கு மேலே நான் கேட்டபடி நீட்டமான சிமெந்து வெயில்மறைப்பும் வந்தது.

இனி மாமி. அவரைக் கூட்டிவந்து யன்னலுக்கு முன்னால் நிறுத்தினேன். அவர் கதவிலிருந்து விலகி, சுவரோடு ஒட்டி நின்றார்.

“ஓட்டை ஓட்டையாக் கிடக்குது” என்றார்.

“மாமி, பொறுத்துக் கேளுங்கோ. பகல்ல கோலைக் கீழ இழுத்து வையுங்கோ. வெயில் வராது. உள்ள இருட்டு, வெளிய வெளிச்சம். நீங்கள் றோட்டைப் பாக்கலாம், றோட்டில நிக்கிறவனுக்கு உங்களைத் தெரியாது. பொழுதுபட்டு விளக்குக் கொழுத்தினாப் பிறகு கோலை மேல தள்ளுங்கோ. அப்ப கீழ நிக்கிறவனுக்கு ஒண்டுமே தெரியாது. காத்து ரெண்டு விதமாயும் வரும்.”

இதுதான் அசையாத பலகை எனக்கு வேண்டாம் என்றதன் காரணம். அசையாத பலகை பகலுக்கு மட்டும்தான் காவல். இரவில் அது உள்ளே நடப்பதைக் கீழே காட்டிக்கொடுத்துவிடும்.

“நீ சொன்னாச் சரியே?” என்றார் மாமி. “நான் என்ர கண்ணால பாக்கவேணும்.”

குடையையும் எடுத்துக்கொண்டு அவர் தனியாகக் கீழே இறங்கிப் போனார். கோயிலுக்கும் மருந்துக்கடைக்கும் தவிர அவர் தனியாக வீதிக்கு இறங்கி நான் கண்டதில்லை. நான் உள்ளே யன்னலடியில் நின்றேன். தெரிந்தால் குடையை உயர்த்துவதாகப் பேச்சு. வீதியில் தமிழில் கத்திக் கேட்க முடியாதே. பலகை இடுக்கால் பார்த்தேன். எதிர்மதிலடியில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்து மாமி என்னைத் தேடினார். இந்தப் பக்கம் நடந்தார், அந்தப் பக்கம் நடந்தார், குனிந்து பார்த்தார். போனவர் வந்தவர் எல்லாம் அவரைப் பார்த்தார்கள். குடை உயரவே இல்லை. விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் மறுபடி போனார். அப்போதும் உயரவில்லை.

மேலே ஏறி வந்து மூச்சு வாங்கக் கட்டிலில் இருந்தார். “மூக்குத்திகூடத் தெரியேல்லை” என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. இன்றைக்கும் மனப்பாடம்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை நான் பெருமையடிக்காமல் எழுத முடியாது. கடல் காற்று பகலெல்லாம் உள்ளே வந்து, நடைக்கதவால் வெளியேறிப் போனது. மின்விசிறி பேருக்குத் தொங்கியது. மாமியின் கழுத்தில் இருந்த வேர்க்குரு மறைந்தது. மத்தியானத்தில் நித்திரை கொள்ளத் தொடங்கினார். அடுத்த முறை இரத்த அழுத்தம் பார்த்த டொக்டர் என்னைப் பார்த்து, “என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டார். “யன்னல் வச்சனான்” என்றேன். எதிர்த் தொடர்மாடியில் கரண்ட் போனால் கறுப்புக் கண்ணாடிகளுக்குப் பின்னால் அவிந்த சனமெல்லாம் படியிறங்கி வீதிக்கு வந்து நின்றது. அதில் ஒரு மனுசி மெல்ல மெல்ல மாமியின் அறைக்கு வந்து இருக்கத் தொடங்கினா. “இது ஏசியோ?” என்று ஒருநாள் கேட்டா. “ஓம், கர்த்தர் போட்ட ஏசி” என்றேன். மாமி உடனே, “முருகன்” என்று திருத்தினார்.

ஆனாலும் ஒரு குறை எனக்கு இருந்தது. மாமி யன்னற் கதவைத் திறக்கவில்லை. பலகைகளைத்தான் திறந்தார். கதவு இரண்டும் கொக்கி போட்டபடியே இருந்தன. அவர் மறைந்திருந்து பார்த்தார். அதுவும் ஒரு சீவியம்தான், உயிரோடு இருக்கிறாரே என்று என் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கோல் அவருக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. பின்னேரமானால் அதைப் பிடித்துக்கொண்டு யன்னலடியிலேயே இருப்பார். மகனைப் பார்க்கத்தான். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் வேலைக்குப் போன ஆண்பிள்ளை வீடு திரும்பும் வரை எந்தத் தாய்க்கும் இருப்புக்கொள்ளாது. எங்கே மறித்தார்களோ, எந்தப் பொலிசுக்குக் கொண்டுபோனார்களோ என்றே எண்ணிக்கொண்டிருப்பாள். ரயில் நிற்கும் சத்தம் கேட்டால் மாமி கோலைக் கீழே இழுத்துப் பார்ப்பார். மகன் இல்லை என்றால் மேலே தள்ளுவார். செருப்புச் சத்தம் கேட்டால் இழுப்பார். வேறு யாரோ என்றால் தள்ளுவார்.

ஒரு நாள் மகன் பிந்திவிட்டார். பொழுதுபட்டதும் கரண்டும் போய்விட்டது. ஒழுங்கை முழுக்க இருட்டு. நான் பெற்றோமாக்ஸ் விளக்கைக் கொழுத்தி மாமியின் அறையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். மாமி கோலோடு இருந்தார். இழுத்தார், தள்ளினார். இழுத்தார், தள்ளினார்.

இருட்டில் கிடந்த கரையில் எங்கள் யன்னல் மட்டும் கடலைப் பார்த்து மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. அது எனக்கு அப்போது புத்தியில் படவில்லை. ரயில் பாதையோரக் காவலரணில் நின்ற ஆமிக்காரர்களுக்கு நன்றாகப் பட்டது.

மாமி என்னைக் கூப்பிட்ட குரலில் கரண்டி கையிலிருந்து விழுந்தது. ஓடிப்போய் இடுக்கால் பார்த்தேன். கேற்றடியில் டோர்ச் வெளிச்சம். அப்போதுதான் வந்து சேர்ந்த என் கணவரை மதிலோடு நிறுத்தி, இரண்டு பேர் தடவிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவரை முன்னால் நடத்திக்கொண்டு படியேறி வந்தார்கள். ஒரு பொலிஸ் அதிகாரியும் மூன்று ஆமிக்காரரும்.

“காட்டத சிக்னல் தென்னே?” என்றார் அதிகாரி. யாருக்குச் சிக்னல் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கடலில் யார் நிற்கிறார்கள்? கணவரின் அடையாள அட்டை அவர் கையில் இருந்தது. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் போட்டிருந்தது. பிள்ளைப்பேற்றுக்கு மாமி தாய்வீட்டுக்குப் போனதன் பலன் அது.

நான் சிங்களத்தில் சொன்னேன். நல்ல சிங்களம், கொட்டாஞ்சேனையில் பிறந்தவளுக்கு அதற்குக் குறைவில்லை. வெறும் யன்னல், ஐயா. வயதான மனுசி மகனைப் பார்த்தவ, ஐயா. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கணவரைத்தான் பார்த்தார். ஸ்டேசனுக்குப் போய்க் கதைப்போம் என்றார். அப்படிப் போய் மாதக்கணக்கில் திரும்பாதவர்களை எங்கள் ஒழுங்கையிலேயே எனக்குத் தெரியும். நான் தேடிப்பிடித்துக் கொண்டுவந்த யன்னல் என் புருசனைக் கொண்டுபோகப் போகிறது என்று நினைத்தேன்.

மாமி எழுந்தார்.

யன்னலுக்கு வெளியே நின்ற ஒருவனுக்குப் பயந்து இத்தனை வருசம் கொக்கி போட்டு வாழ்ந்த மனுசி, அறைக்குள்ளேயே வந்து நின்ற நால்வருக்கு முன்னால் நேராக நடந்து போனார். பெற்றோமாக்ஸ் வெளிச்சம் முகத்தில் அடித்தது. அதிகாரியின் கையைப் பிடித்தார். உண்மையாகவே பிடித்தார். மீன்காரனோடு பேரம் பேசிப் பழகிய சிங்களத்தில், “எண்ட புதா, பலன்ன” என்றார். வா மகன், பார். அவரை இழுத்துக்கொண்டு போய் யன்னலடியில் நிறுத்தினார்.

“ஒரு பெடியனை ரயில் றோட்டுக்கு அனுப்பு” என்றார். அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, ஒருவனை அனுப்பினார். மாமி கோலை இழுத்தார். கீழே இருந்து, வெளிச்சம் தெரியுது சேர் என்று குரல் வந்தது. தள்ளினார். இப்ப இல்லை சேர். இழுத்தார். தெரியுது சேர்.

“என்ர மகன் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தால் நான் ஏன் இதை ஆட்டப்போறன்? வழியில எத்தனை இடத்தில நீங்கள் மறிக்கிறீங்கள். அதாலதான் பிந்துறான். அதாலதான் ஆட்டுறன்” என்றார். பாதி சிங்களமும் பாதி தமிழுமாகச் சொன்னார். ஒரு சொல்லும் விளங்காமல் போகவில்லை. மாமி அதோடு விடவில்லை. அதிகாரியின் உள்ளங்கையை விரித்துப் பலகைகளுக்கு நேரே பிடித்தார். “ஹுளங்” என்றார். காற்று. “கரண்ட் இல்லை. லைட் பில் இல்லை. என்ர மருமகள் செய்தது.”

என்னைக் காட்டித்தான் சொன்னார். என் மருமகள் செய்தது என்று, துவக்குப் பிடித்தவர்களிடம், பெருமையாக.

அதிகாரி கையை உடனே எடுக்கவில்லை. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. காவலரணுக்குத் தகரக் கூரை என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிறகு குரலைக் கடினமாக்கிக்கொண்டு, இருட்டினால் ஒரே பக்கமாக வைத்திருக்கவேண்டும், ஆட்டினால் திரும்ப வருவோம் என்றார். கணவரின் விபரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். அடையாள அட்டையை மாமியின் கையில் கொடுத்தார். எல்லாரும் படியிறங்கிப் போனார்கள்.

கணவர் நிலத்தில் குந்திவிட்டார். நான் அழுதேன். அழுதுகொண்டே ஒன்றை நினைத்தேன். எல்லாம் முடிந்தது. நாளைக்குப் பாஸைக் கூப்பிட்டு இந்த இடத்தைப் பலகை அடித்து மூடச் சொல்வார். பழையபடி அந்த வெக்கைக்குள்தான். இந்த முறை நான் என்ன சொல்லியும் எடுபடாது. மாமி யன்னலுக்குப் போவதைக் கண்டதும், கோலை முழுதாக மேலே தள்ளிக் கடைசியாகச் சாத்தப் போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் கோலைத் தொடவில்லை. கொக்கியைக் கழற்றினார். இரண்டு கதவையும் இரண்டு கையாலும் தள்ளி விரியத் திறந்தார். விளக்குப் படபடத்தது. கடல் இரைச்சல் முழுதாக அறைக்குள் வந்தது. ஒழுங்கையில் நின்ற எவரும் எங்களைப் பார்த்திருக்கலாம்.

“மாமி, சாத்துங்கோ!” என்றேன். நான்தான் சொன்னேன்.

அவர் வெளியே பார்த்தபடி, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார்.

“பாக்கிறவங்கள் வந்து பாத்திட்டுப் போட்டாங்கள் பிள்ளை” என்றார். “இனி ஆருக்குச் சாத்துறது?”